கொல்லைப்புறத்துக்கு அஞ்சும் நாய்: காரணம் காண்பதும் அச்சம் களைவதும்

நேற்றுவரை கதவு திறந்தவுடன் கொல்லைப்புறத்துக்குப் பாய்ந்தோடிய நாய், இன்று நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறது. வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருக்கிறது. காதுகள் பின்னோக்கிச் சாய்ந்துள்ளன. அழைத்தால் உடலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. வீட்டில் ஒருவர் "பிடிவாதம்" என்கிறார். மற்றொருவர் "செல்லம் கொடுத்ததன் பலன்" என்கிறார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துச் செல்கின்றனர். அன்று முதல் நாய்க்குக் கொல்லைப்புறத்தோடு, இழுத்துச் சென்ற கையின் மீதும் அச்சம் ஏற்பட்டுவிடுகிறது.

வைப்புநிதியும் கடனும் பேசும் இவ்விதழில் நாய்க்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வாடிக்கையாளர் இல்லங்கள் பலவற்றில் நாயும் குடும்பத்தில் ஒருவராகவே வாழ்கிறது. அது வெளியே செல்ல அஞ்சும்போது சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்கிறது. அடக்க இயலாதபோது வீட்டுக்குள் கழிக்கிறது, அதற்காகத் தண்டிக்கப்படுகிறது. கவனிக்கப்படாத அச்சம், நாய் நாள் முழுவதும் சங்கிலியில் கிடப்பதிலும், சில வீடுகளில் அது தெருவில் விடப்படுவதிலும் முடிகிறது. இத்தனைக்கும், பொறுமையும் ஒழுங்கும் உள்ள எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய பணிதான் இது. அதனை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. அச்சம் எவ்வாறு தோன்றுகிறது

செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்ட நாய்கள் நாளடைவில் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் சுரந்ததைக் காட்டினார். ஒன்றையடுத்து ஒன்று நிகழ்ந்தால் நாயின் உள்ளம் இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. உணவைப் பொறுத்தவரை இவ்விணைப்பு பலமுறை நிகழ்ந்த பின்பே உறுதிப்படும். கடும் வலியோ திகிலோ நேர்ந்தால் ஒரே ஒருமுறை போதும். ஆபத்து நேர்ந்த இடத்தை ஒரே தடவையில் நினைவிற்கொள்ளும் விலங்கே பிழைக்கும் என்பது இயற்கையின் நியதி.

நாய் எதனோடு எதை இணைத்தது என்பது நமக்கு உடனே விளங்குவதில்லை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவி சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் மோப்ப ஆற்றலோ நம்முடையதைவிடப் பன்மடங்கு மிகுந்தது. எனவே "கொல்லையில் ஒன்றுமே இல்லையே" என்று நாம் சொல்வது, நம் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் புலப்படவில்லை என்ற பொருளையே தரும். பட்டாசு வெடித்தபோது நாய் துவைகல்லருகே நின்றிருந்தால், அது துவைகல்லுக்கே அஞ்சக்கூடும்.

2. முதற்பணி: காரணத்தைத் தேடுதல்

கணக்கில் ஒரு பற்று விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்த பின்பே மேற்கொண்டு செயற்படுவோம். இங்கும் அவ்வாறே. மூன்று திசைகளில் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, நாயின் உடல். படியிறங்க மூட்டு வலித்தால் நாய் படியருகே நின்றுவிடும். வயது முதிர்ந்த நாய்க்குக் கண்புரையோ விழித்திரைத் தேய்வோ இருந்தால், பகலில் செல்லும், இருட்டில் செல்லாது. உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நம் நாட்டில் மிகுதி. அதில் சோர்வும் மூட்டு வலியும் உண்டு. பாதத்தில் முள் தைத்திருக்கலாம்; வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை பாதத்தைச் சுட்டிருக்கலாம். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. 24 மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், முக்கியும் சிறுநீர் வராவிட்டாலும் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, இடம். பகல் வெளிச்சத்தில், காலணி அணிந்து, கையில் ஒரு கோலுடன் கொல்லைப்புறம் முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும். விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, வடிகால் ஆகியவை பாம்பு தங்கும் இடங்கள். கூரையின் அடியிலும் மரக்கிளையிலும் குளவிக் கூடு இருக்கலாம். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும்; அந்த இடத்தை அது மறப்பதில்லை. டெல்லி, சிம்லா போன்ற நகரங்களில் குரங்குக் கூட்டம் மதிலேறி வந்து நாயை அச்சுறுத்துவது உண்டு. அண்டை வீட்டில் புதிதாக வந்த நாய், காற்றில் படபடக்கும் தார்ப்பாய், புதிய தண்ணீர்த் தொட்டி, செடிகளுக்குத் தெளித்த மருந்தின் நெடி ஆகியவையும் காரணமாகலாம். நாயின் முகத்திலோ காலிலோ திடீர் வீக்கம், இமை தொங்குதல், தள்ளாட்டம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பாம்புக்கடி என்றே கருதி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, காலம். அச்சம் எந்த நாளில், எந்த வேளையில் தொடங்கியது? அன்று தீபாவளியா, தெருவில் திருமண ஊர்வலமா, இடி மின்னலா? எல்லா வேளையிலும் அஞ்சுகிறதா, மாலையில் மட்டுமா? தரை ஈரமாக இருக்கும்போது மட்டுமா? ஒரு வாரம் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், நினைவில் நில்லாத ஒழுங்கு ஒன்று தாளில் தெரியவரும்.

3. மின்கசிவு: மறவாமல் பார்க்க வேண்டியது

காரணங்களுள் ஒன்றைத் தனியே எடுத்துரைப்பது அவசியம். நாகபுரியில் இரயில்வே பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவரின் இல்லத்தை நாம் அறிவோம். அவ்வீட்டு நாயின் பெயர் மோத்தி, வயது நான்கு. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அது கொல்லைப்புறத்துக்குச் செல்ல மறுத்தது. வெயிலின் கடுமை என்றே முதலில் எண்ணினர். அதிகாலையிலும் அது செல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பின்னரே, அச்சம் தொடங்கியதற்கு முந்திய நாள் பின்புற ஜன்னலில் ஏர்கூலர் பொருத்தப்பட்டது தெரியவந்தது. கூலரிலிருந்து சொட்டிய நீர் சிமெண்டுத் தரையில் பரவியிருந்தது. மின்பணியாளர் வந்து சோதித்தபோது, கூலரின் இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிந்ததும், எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருந்ததும் வெளிப்பட்டன. அதே ஈரத் தரையில்தான் அவ்வீட்டு அம்மையார் நாள்தோறும் வெறுங்காலுடன் பாத்திரம் துலக்கிவந்தார்.

நாய் நான்கு கால்களும் வெறுமையாக ஈரத்தில் நிற்கிறது. மூக்கின் ஈர நுனியால் பொருள்களைத் தொட்டுப் பார்க்கிறது. வீட்டாருக்கு முன்பே அது மின்கசிவை உணர்ந்துவிடுவதில் வியப்பில்லை. ஆகவே கொல்லைப்புறத்தில் கூலர், நீரேற்றும் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், அலங்கார மின்விளக்குச் சரம் ஆகியவற்றுள் எது இருந்தாலும், நாயின் திடீர் அச்சத்தை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். கையால் தொட்டுச் சோதிக்கலாகாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதுடன், 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் வீட்டில் உள்ளதா என்றும் கேட்டறிய வேண்டும். அது இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கொல்லையில் நாய் விழுந்து கிடந்தால், பதறி ஓடித் தொடலாகாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

4. காரணம் நீங்கினாலும் அச்சம் நீங்குவதில்லை

கூலர் அன்றே பழுது பார்க்கப்பட்டது. மறுநாள் மோத்தி வெளியே சென்றதா? இல்லை. பலர் மனம் தளரும் இடம் இதுவே. "எல்லாம் சரியாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்று கேட்கிறோம். கடன் முழுவதும் அடைக்கப்பட்ட பின்னும், முன்பு தவணை தவறியது கடன் வரலாற்றில் சில காலம் நிற்கிறதல்லவா? நாயின் உள்ளத்திலும் அத்தகைய பதிவு நிற்கிறது. தரையில் இப்போது மின்சாரம் இல்லை என்று அதற்குச் சொல்லி விளக்க இயலாது. சிறிய நல்ல அனுபவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே பழைய பதிவை மங்கச் செய்யும். காரணத்தைக் களைவது ஒரு பணி, அச்சத்தைக் களைவது மற்றொரு பணி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே வலுக்கட்டாயம் பிறக்கிறது.

செய்யலாகாதவை சில உள. இழுத்துச் செல்வதும், தூக்கிச் சென்று கொல்லையில் விட்டுக் கதவைச் சாத்துவதும், "பழகிக்கொள்ளட்டும்" என்று அங்கேயே கட்டிவைப்பதும் அச்சத்தைப் பெருக்கும். அடிப்பதும் அதட்டுவதும் அவ்வாறே. உணவைக் காட்டி வெளியே வரவழைத்துச் சட்டென்று கதவை அடைப்பவர், அடுத்த நாள் அந்த உணவையும் நாய் சந்தேகிக்கக் காண்பார். மறுபுறம், அஞ்சும் நாயைத் தடவி ஆறுதல் கூறினால் அச்சம் வளரும் என்ற எண்ணம் சரியன்று. அச்சம் ஓர் உணர்ச்சி. ஆறுதலைப் பரிசாகக் கருதி எந்த நாயும் அஞ்சக் கற்றுக்கொள்வதில்லை. நம்மிடம் ஒண்டிக்கொள்ள வந்தால் இடமளிக்கலாம்.

5. அச்சம் களையும் முறை

1924ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டிலுள்ள முயல் தொலைவில் வைக்கப்பட்டது. பின்னர்ச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவரப்பட்டது. முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே இவ்வகைச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தி 1958இல் நூலாக வெளியிட்டார். இன்று நாய்களுக்குக் கையாளப்படும் முறையும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது: அஞ்சும் பொருளைத் தாங்கக்கூடிய தொலைவில் வைப்பது, அத்துடன் இன்பமான ஒன்றை இணைப்பது, தொலைவை மெல்லக் குறைப்பது.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. நாய் சிறுநீர் கழிக்க வேறிடம் வேண்டும். பயிற்சி முடியும்வரை முன்வாசலிலோ தெருவிலோ காலை மாலை அழைத்துச் செல்லலாம். அஞ்சிய நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடக்கூடும். எனவே மார்பைச் சுற்றிக் கட்டும் வார் நல்லது. அடுத்து, நாள்தோறும் கிடைக்காத சுவையான உணவு வேண்டும். உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த கோழிக்கறி, முட்டை, பன்னீர் ஆகியவற்றை நிலக்கடலை அளவுத் துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்குத் தீங்கு செய்யும்.

முதற்படியில் கொல்லைக் கதவு மூடியே இருக்கட்டும். நாய் இயல்பாக நிற்கும் தொலைவில், கதவை நோக்கி அமர்ந்து, ஒவ்வொரு துண்டாகக் கொடுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று நிமிடம் போதும். ஒரு நாளில் இருமுறையோ மும்முறையோ செய்யலாம். இரண்டாம் படியில் அதே தொலைவில், கதவு திறந்திருக்க வேண்டும். மூன்றாவது நிலைப்படியருகே. நான்காவது நிலைப்படிக்கு வெளியே ஓர் அடி. இவ்வாறு ஒவ்வோர் அடியாகத் தொலைவு கூடும். எந்தப் படியிலும் கதவு திறந்தே இருக்க வேண்டும். நாய் விரும்பும்போது உள்ளே திரும்பலாம். திரும்பிச் செல்ல வழியுண்டு என்று அறிந்த நாய்தான் முன்னே செல்லத் துணியும்.

ஒரு படி போதும், அடுத்ததற்குச் செல்லலாம் என்பதை எவ்வாறு அறிவது? நாயே தெரிவிக்கும். உடல் தளர்ந்து, வால் இயல்பான நிலையில் அசைந்து, உணவை மென்மையாக வாங்கினால் அது ஆயத்தம். பசியின்றியே உதட்டை நக்குதல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்பகுதி தெரியக் கடைக்கண்ணால் நோக்குதல், வெயிலின்றியே இரைத்தல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிறுத்தல் ஆகியவை அச்சத்தின் முதல் அறிகுறிகள். உணவை மறுத்தால் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அப்போது ஒருபடி அன்று, இரண்டு படி பின்வாங்க வேண்டும். அச்சம் தோன்றுமுன் பயிற்சியை முடிப்பதே தேர்ச்சி.

நாய் வெளியே சில அடிகள் வரத் தொடங்கியதும், உணவுத் துண்டுகளைத் தரையில் தூவலாம். மோப்பம் பிடித்துத் தேடுவது நாய்க்கு இயல்பான செயல். அதில் ஈடுபடும்போது அதன் உள்ளம் அமைதி கொள்கிறது. வீட்டார் ஒருவர் நாயை அழைக்காமலே கொல்லையில் அமர்ந்து கீரை ஆய்வதோ செய்தித்தாள் படிப்பதோ நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். உலர்ந்த தரையில் பகலில் தேறிய நாயை, அன்றிரவே ஈரத் தரையில் நிறுத்தலாகாது.

மோத்தியின் வீட்டில் குறிப்பேடு தொடர்ந்து எழுதப்பட்டது. முதல் வாரம் முழுவதும் நிலைப்படியைத் தாண்டவில்லை. மூன்றாம் வாரத்தில் துளசி மாடம்வரை சென்றது. ஒருநாள் அண்டை வீட்டில் இரும்புக் கதவு ஓசையுடன் சாத்தப்பட, மீண்டும் உள்ளே ஓடிவிட்டது. அன்று யாரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் நிலைப்படியிலிருந்தே தொடங்கினர். இம்முறை துளசி மாடம்வரை செல்ல நான்கே நாட்கள் ஆயின. ஆறாம் வாரத்தில், அழைப்பார் எவருமின்றித் தானே சென்று கொய்யா மரத்தடியில் படுத்தது. கூலர் இருந்த மூலையைச் சுற்றிக்கொண்டுதான் இன்றும் செல்கிறது. அதனால் எவருக்கும் இடையூறில்லை. அவர்களும் அதை விட்டுவிட்டனர்.

6. ஓசையால் வந்த அச்சம்

நம் நாட்டில் தீபாவளி, புத்தாண்டு, கிரிக்கெட் வெற்றி, திருமண ஊர்வலம் என வெடியோசைக்குக் காலமில்லை. வெடிக்கு அஞ்சிய நாய்க்கு மேற்கூறிய படிகளுடன் ஓசைப் பயிற்சியும் வேண்டும். பதிவுசெய்த வெடியோசையை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவு மெல்லிதாக ஒலிக்கச் செய்து, உடனே உணவு தர வேண்டும். நாள்கள் செல்லச் செல்ல ஓசையைச் சிறிதளவே கூட்டலாம். தீபாவளிக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கினால்தான் பயன் கிட்டும்.

பண்டிகை நாளில் பயிற்சி வேண்டா, பாதுகாப்பே வேண்டும். பொழுது சாயுமுன் நடைக்கு அழைத்துச் சென்று வர வேண்டும். உள்ளறை ஒன்றில் ஜன்னல்களை மூடித் திரையிட்டு, மின்விசிறியையோ வானொலியையோ இயக்கி, நாய் ஒளிய விரும்பும் மூலையில் அதன் விரிப்பைப் போடலாம். கழுத்துப்பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண் இருப்பது நன்று. அன்றிரவு திகிலில் ஓடித் தொலையும் நாய்கள் பல. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசையெழுப்பும் பட்டாசு கூடாது என்று உச்சநீதிமன்றம் 2005இல் ஆணையிட்டுள்ளது. அண்டை வீட்டாரிடம் இதனை இனிமையாக நினைவூட்டலாம்.

7. மருத்துவர் உதவியும் வீட்டார் உடன்பாடும்

சில நாய்களின் அச்சம் மிகக் கடுமையானது. உணவைத் தொடாது, உடல் நடுங்கும், தப்பிக்கக் கதவைப் பிறாண்டித் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். அவற்றுக்குப் பயிற்சி மட்டும் போதாது. கால்நடை மருத்துவர் தக்க மருந்து தருவார். மனிதர்க்குரிய மாத்திரைகளை நாமே கொடுப்பது கூடவே கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற சாதாரண வலி மாத்திரைகளே நாய்க்குப் பெருங்கேடு விளைவிக்கும்.

இப்பணியில் குடும்பம் முழுவதும் ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்போர் இதனை எளிதில் உணர்வர்: சிறு தொகைதான், ஆயினும் தவறாமல் செலுத்தினால் சேரும். ஐவர் பொறுமையாகச் சேர்த்ததை, அவசரப்பட்டு ஒருவர் ஒருமுறை இழுத்துச் செல்வது செலவழித்துவிடும். குழந்தைகளுக்கும், வீட்டு வேலைக்கு வருவோருக்கும், ஊரிலிருந்து வரும் விருந்தினர்க்கும் இதனைச் சொல்லிவைக்க வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டை அனைவரும் காணும் இடத்தில் தொங்கவிடுவது நல்ல வழி.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், நாயை அளவுமீறிய நேரம் கட்டிவைப்பதையும், காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமென்கிறது. சட்டம் தடுக்காவிடினும், பல ஆண்டுகள் நம் வாசலைக் காத்த உயிர் தன் அச்சத்தைச் சொல்லும்போது கேட்பது நம் கடமை.

நாளை காலை நாய் நிலைப்படியில் நின்றுவிட்டால், கழுத்துப்பட்டையைப் பற்றுமுன் அதனருகே அமர்ந்து, அது நோக்கும் திசையை நாமும் ஒரு நிமிடம் நோக்குவோம். பின்னர்க் குறிப்பேட்டை எடுத்து நாளையும் வேளையையும் எழுதுவோம். மருத்துவருக்கும் மின்பணியாளருக்கும் சொல்லியனுப்புவோம். முதல் நாளுக்கு அவ்வளவே போதும்.